வண்டி நின்றால் ஆள் வரும், அவரிடம் என்ன கேட்பது?

மதுரையைச் சுற்றி எந்த ரோட்டில் கார் நின்றாலும், பானெட்டைத் திறந்து வைத்த கொஞ்ச நேரத்தில் "என்னாச்சுண்ணே?" என்று யாராவது வந்துவிடுவார்கள். ஆடு ஓட்டிக்கொண்டு போகிறவர், பால் கேன் கட்டிய டூவீலர்க்காரர், எதிர்த்த டீக்கடைக்காரர், குட்டியானை டிரைவர். இந்தக் குணத்தை நம்பித்தான் பலரும் ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் கிளம்புகிறோம். வருகிறவர் தன் நேரத்தையும் கையையும் தருவார். காரின் ஜாக்கி எங்கே இருக்கிறது, கயிற்றை எதில் கட்டுவது, எதைத் தொட்டால் கை வெந்துபோகும் என்பதெல்லாம் வண்டிக்காரருக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். உதவ வந்தவருக்கு அடிபட்டுவிட்டால் அதைவிடக் கொடுமை கிடையாது. அந்தக் கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

முதல் விஷயம், நிறுத்துகிற இடம். இழுவை குறைகிறது, சூட்டு விளக்கு சிவப்பில் எரிகிறது என்றால் முழுசாக நிற்கும்வரை காத்திருக்காதீர்கள். இடது இண்டிகேட்டரைப் போட்டு, வேகம் இருக்கும்போதே தார் ரோட்டை விட்டு நாலு சக்கரமும் இறங்கும்படி ஒதுக்குங்கள். எஞ்சின் அணைந்துவிட்டாலும் சாவியைத் திருப்பி எடுத்துவிடக் கூடாது, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். திண்டுக்கல் ரோடு, திருமங்கலம் ரோடு, மேலூர் ரோடு போன்ற நான்கு வழிச் சாலைகளில் முடிந்தால் சர்வீஸ் ரோட்டுக்கு இறங்கிவிடுங்கள். பெரிய ரோட்டில் 90-க்கு மேல் வருகிறவர் மனசு இருந்தாலும் சட்டென்று நிறுத்த முடியாது. சைக்கிள் போவதும் டீக்கடை இருப்பதும் சர்வீஸ் ரோட்டில்தான், உதவியும் அங்கேதான்.

நத்தம் ரோட்டுப் பாலத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2023-ல் திறந்தார்கள், தல்லாகுளத்திலிருந்து செட்டிகுளம் வரை 7.3 கிலோமீட்டர். மேலே நின்றுவிட்டால் கடையும் கிடையாது, நடந்து வர ஆளும் கிடையாது. சூட்டு முள்ளோ பெட்ரோல் முள்ளோ சந்தேகமாக இருந்தால் ஏறாமல் கீழே போய்விடுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் எங்கே மாட்டினாலும் நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்கு அடிக்கலாம், 24 மணி நேரமும் எடுப்பார்கள். டோல் வாங்குகிற ரோட்டில் ரோந்து வண்டியும் கிரேனும் வைத்திருப்பது டோல் நடத்துகிறவர்கள் பொறுப்பு. கப்பலூர், சிட்டம்பட்டி, எலியார்பத்தி, திருப்பாச்சேத்தி, கொடைரோடு என்று பக்கத்து டோல் பெயரைச் சொன்னாலே அவர்களுக்கு இடம் பிடிபடும். கூடவே கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணையும், எந்த ஊரைப் பார்த்துப் போகிற பக்கம் என்பதையும் சொல்ல வேண்டும். நடுவில் அரளிச்செடி வைத்த ரோட்டில் எதிர்ப்பக்கம் வந்து சேர்ந்தவர் திரும்பி வர அடுத்த யூ டர்ன்வரை போக வேண்டியிருக்கும்.

டிரையாங்கிளை, அதாவது சிவப்பு எச்சரிக்கை முக்கோணத்தை, வண்டிக்குப் பின்னால் குறைந்தது 50 எட்டு தள்ளி, நான்கு வழிச் சாலையில் 100 எட்டு தள்ளி வையுங்கள். வளைவு இருந்தால் வளைவுக்கு முன்னால். எதிரே வருகிற வண்டிகளைப் பார்த்தபடி ஓரமாக நடந்து போய், டிரையாங்கிளை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். ஆட்களை வண்டிக்குப் பின்னால் நிற்க விடாதீர்கள். குழந்தைகளும் பெரியவர்களும் தடுப்புக் கம்பிக்கு அந்தப்புறம், வண்டியை விட்டுத் தள்ளி நிற்கட்டும்.

டிரையாங்கிள் இல்லாதபோது நம்ம பக்கத்தில் கல்லையும் வேப்பங்கொப்பையும் ரோட்டில் போடுவார்கள். உதவ வருகிறவர் முதலில் செய்வதும் அதைத்தான். கொப்பு போதும், கல் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வண்டி கிளம்பிய சந்தோஷத்தில் அந்தக் கல்லை அப்படியே போட்டுவிட்டுப் போகிறார்கள். ராத்திரி பதினோரு மணிக்கு அந்த வழியாக டூவீலரில் வருகிற ஒருவர் அதில் ஏறினால் என்ன ஆகும்? கொப்பைக்கூட பொறுக்கி ஓரத்தில் எறிந்துவிட்டுத்தான் வண்டியில் ஏற வேண்டும்.

அடுத்து, கேட்கிற விதம். "வண்டி நின்னு போச்சு, கொஞ்சம் உதவி பண்ணுங்க" என்று பொதுவாகக் கேட்டால் வந்தவர் திகைத்து நிற்பார். "அண்ணே, நட்டு இறுகிக் கெடக்கு, ஒரு மிதி மிதிக்கிறீங்களா?" "தம்பி, இங்கேயிருந்து ரோட்டோரம் வரைக்கும் ஒரு தள்ளு தள்ளிவிடுப்பா." "அக்கா, ரெண்டு லிட்டர் நல்ல தண்ணி கெடைக்குமா?" இப்படி ஒரே வேலையாக, அளவோடு கேளுங்கள். அதைச் செய்து முடித்தபின் அடுத்ததை அவரே கேட்பார். மெக்கானிக்குக்குப் போன் போட்டால், இடம் சொல்கிற பொறுப்பைப் பக்கத்துக் கடைக்காரரிடம் கொடுத்துவிடுவது நல்லது. "செக்கானூரணி தாண்டி அந்தப் பாலத்துக்கு முந்தி, நம்ம கடைக்கு எதுத்தாப்புல" என்று அவர் ஒரு வரியில் முடிப்பதை நாம் பத்து நிமிடம் விளக்கிக்கொண்டிருப்போம்.

மெக்கானிக்கிடம் நாம் சொல்ல வேண்டியது: எந்த வண்டி, எந்த வருஷம், பெட்ரோலா டீசலா, மீட்டரில் எந்த விளக்கு எரிகிறது. அதோடு முக்கியமாக, செல்ஃப் எடுக்கவில்லையா (சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றவே இல்லையா), செல்ஃப் எடுத்தும் ஸ்டார்ட் ஆகவில்லையா. முதலாவது என்றால் பெரும்பாலும் பேட்டரி, டெர்மினல், செல்ஃப் மோட்டார். இரண்டாவது என்றால் பெட்ரோல் வரவில்லை, ஸ்பார்க் வரவில்லை, சென்சார் என்று வேறு பக்கம் போகும். இதைச் சரியாகச் சொன்னால் அவர் தேவையான சாமானோடு வருவார், இல்லையென்றால் இரண்டு நடை ஆகும்.

செல்ஃப் எடுக்காமல் 'டிக் டிக்' என்று மட்டும் கேட்டால், ஆளைக் கூப்பிடும் முன் பேட்டரி டெர்மினலைப் பாருங்கள். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துப்போயிருந்தால் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, 10 ஸ்பேனரால் இறுக்கினாலே பல வண்டிகள் கிளம்பிவிடும். கழற்றுவதாக இருந்தால் மைனஸை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். சுடுதண்ணீருக்கு டீக்கடை இருக்கிறது.

அதற்கும் மசியவில்லை என்றால் ஜம்பர் கேபிள். இந்த இடத்தில்தான் நல்ல மனசுக்காரர்களாலேயே காருக்குப் பெரிய சேதம் வருகிறது. லாரிக்காரர் நிறுத்தி, "நம்ம பேட்டரியில கொடுத்துப் பாப்பமா?" என்பார். வேண்டாம். லாரியும் பஸ்ஸும் 24 வோல்ட், இரண்டு பேட்டரி சேர்த்துக் கட்டியது. கார் 12 வோல்ட். மாட்டினால் ஈசிஎம், அதாவது எஞ்சினை நடத்துகிற கம்ப்யூட்டர், போய்விடும். கார், குட்டியானை, டிராக்டர் பொதுவாக 12 வோல்ட், அவற்றிலிருந்து எடுக்கலாம். இன்னொரு பழக்கம், டிராக்டர் பேட்டரியைக் கழற்றிக் காரில் வைத்து ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் ஓடும்போதே பழைய பேட்டரியை மாற்றி வைப்பது. ஓடுகிற எஞ்சினில் பேட்டரி வயரைப் பிடுங்கினால், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டர் ஒரு கணம் தாறுமாறாக வோல்ட் ஏற்றும். பழைய அம்பாசடர் தாங்கியது, இன்றைய வண்டி தாங்காது.

கேபிள் மாட்டும் முறை: இரண்டு வண்டியும் ஆஃப், ஒன்றையொன்று தொடக் கூடாது. சிவப்பை முதலில் செத்த பேட்டரியின் பிளஸ்ஸில், மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பை நல்ல பேட்டரியின் மைனஸில், கடைசி முனையை நின்ற வண்டியின் எஞ்சினில் பெயின்ட் இல்லாத இரும்பில், பேட்டரியை விட்டுத் தள்ளி. கடைசியாக மாட்டும் இடத்தில் பொறி பறக்கும். பேட்டரி ஹைட்ரஜன் வாயு விடும், அதன் பக்கத்தில் பொறி வேண்டாம் என்பதற்காகத்தான் இந்த வரிசை. உதவ வந்த வண்டியை ஸ்டார்ட் பண்ணி ஐந்து நிமிடம் ஓட விட்டு, அப்புறம் நம் வண்டி. பத்து விநாடிக்கு மேல் செல்ஃபைப் பிடித்து இழுக்கக் கூடாது, ஒரு நிமிடம் விட்டு மறுபடி பார்க்கலாம். கழற்றுவது மாட்டியதற்கு நேர் தலைகீழ் வரிசையில். கேபிளை நீங்களே வைத்திருங்கள், சின்ன பெட்ரோல் வண்டிக்கு 16 ஸ்கொயர் எம்எம், டீசலுக்கு 25. ஒல்லிக் கேபிள் சூடேறி உருகும், அது உதவ வந்தவர் கையில் இருக்கும்போது உருகினால்?

கேபிள் இல்லை, ஆட்கள் இருக்கிறார்கள் என்றால் தள்ளு ஸ்டார்ட். கியர் வண்டிக்கு மட்டும்தான். ஆட்டோமேட்டிக், ஏஎம்டி (கிளட்ச் மிதி இல்லாத கியர் வண்டி), எலக்ட்ரிக் எதையும் தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது. சாவி போட்டால் மீட்டர் விளக்கே எரியவில்லை என்றாலும் பலன் இல்லை, பெட்ரோல் பம்புக்கும் ஈசிஎம்முக்கும் கொஞ்சமாவது கரண்ட் வேண்டும். இக்னிஷன் ஆன், கிளட்ச் மிதித்து இரண்டாவது கியர், நடையைவிட வேகமாக, ஓட்டமாக வந்ததும் கிளட்சைச் சட்டென்று விட்டு, பிடித்ததும் மறுபடி மிதிக்க வேண்டும். முதல் கியரில் விட்டால் வண்டி வெட்டி நிற்கும், தள்ளுகிறவர் முகம் டிக்கியில் மோதும். பிடித்துக்கொண்டால் வண்டி முன்னால் பாயும், சாய்ந்து தள்ளியவர் குப்புற விழுவார். தள்ளும் முன்பே இதைச் சொல்லுங்கள்: "கிளட்ச் விடும்போது ஹாரன் அடிக்கிறேன், கையை எடுத்துருங்க." கண்ணாடி, டெயில் லேம்ப், ஸ்பாய்லரில் கை வைக்க விடாதீர்கள். டிக்கி ஓரத்திலும் பின்பக்கத் தூணிலும்தான் அழுத்த வேண்டும். வேட்டி கட்டியிருப்பவர் மடித்துக் கட்டிக்கொள்ளட்டும், ஈரமான செருப்பைக் கழற்றிவிடட்டும்.

இந்தப் பக்கத்தில் வண்டி நிற்பதற்கு முக்கியமான காரணம் சூடு. சித்திரையில் 40 டிகிரி வெயிலில் ஏசி போட்டு ஆண்டிபட்டிக் கணவாய் ஏறுகிறபோதோ, திருவிழா நெரிசலில் ஊர்கிறபோதோ, எங்கோ லேசாகக் கசிந்துகொண்டிருந்த கூலன்ட் அன்றைக்குக் காட்டிக்கொடுத்துவிடும். முள் ஏறும்போதே ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில், முழு ஃபேனில் வையுங்கள். வெயிலில் கஷ்டம்தான், ஆனால் எஞ்சின் சூட்டை அது இழுத்து வெளியே தள்ளும். ஒதுங்க நிழல் கிடைக்கிறவரை அது தாக்குப்பிடிக்க உதவும். முள் சிவப்புக்கே போய்விட்டால் அப்படியே ஓரம் கட்டி அணைத்துவிட வேண்டும். அதற்குமேல் ஒரு கிலோமீட்டர் ஓட்டினாலும் எஞ்சினின் மேல்பாகத்தை அடைத்து வைத்திருக்கும் ஹெட் கேஸ்கெட் போகலாம், செலவு ஆயிரத்திலிருந்து பல ஆயிரத்துக்குத் தாவும்.

பானெட் திறந்ததும் உதவ வருகிறவர்களில் ஒருவராவது ரேடியேட்டர் மூடியில் கை வைப்பார். துண்டைச் சுற்றிக்கொண்டு திருகப் போவார். உள்ளே தண்ணீர் நூறு டிகிரிக்கும் மேலே, அழுத்தத்தில் அடங்கி நிற்கிறது. மூடி தளர்ந்த நொடியில் முகத்தில் பீய்ச்சும். "தொடாதீங்கண்ணே, ஆறட்டும், நானே தெறக்கிறேன்" என்று உறுதியாகச் சொல்லுங்கள். குறைந்தது அரை மணி நேரம், வெயிலில் முக்கால் மணி நேரம். மேல் ஹோஸைத் தொட்டால் கை பொறுக்கிற சூட்டுக்கு வர வேண்டும், அழுத்தினால் தளர்வாக இருக்க வேண்டும். ரேடியேட்டர் ஃபேன் எஞ்சின் அணைந்த பிறகும் தானாகச் சுழலும், குனிந்து பார்க்கிறவரின் தோள் துண்டும் சேலைத் தலைப்பும் அதற்குப் பக்கத்தில் போகக் கூடாது. குடம் குடமாகக் கொண்டுவந்து எஞ்சின்மேல் ஊற்றவும் விடாதீர்கள், சூடான இரும்பும் அலுமினியமும் பச்சைத்தண்ணீர் பட்டால் விரிசல் விடும்.

ஆறியபின் ஊற்றுகிற தண்ணீர் எது என்பதும் முக்கியம். ராமநாதபுரம் ரோட்டுப் பக்கம் போர் தண்ணீர் உப்பு, உள்ளே போனால் படிவு பிடிக்கும். டீக்கடை கேன் தண்ணீரே மேல். ஒன்று, இரண்டு லிட்டரில் நிரம்பிவிட்டால் மெதுவாக அடுத்த ஒர்க்‌ஷாப் வரை போகலாம். ஊற்ற ஊற்றக் கீழே ஒழுகினால் ஹோஸ். பஞ்சர் கடையில் பழைய சைக்கிள் டியூபை ரெண்டு விரல் அகலத்துக்கு வெட்டித் தரச் சொல்லி, ஹோஸைத் துடைத்துக் காயவைத்து, இழுத்து இழுத்துச் சுற்றி கம்பியால் கட்டினால் சில கிலோமீட்டர் தாங்கும். தண்ணீர் சரியாக இருந்தும் ஃபேன் சுற்றவில்லை என்றால் ஃபியூஸையும் ரிலேயையும் (கரண்டைத் திறந்து மூடும் சின்னப் பெட்டி) பாருங்கள். பல கார்களில் ஹாரன் ரிலேயும் ஃபேன் ரிலேயும் ஒரே வகைதான். மேலே அச்சிட்ட எண் ஒத்துப்போனால் மாற்றிப் போட்டு வீடு போய்ச் சேரலாம். ஃபியூஸில் நிறம்தான் அளவு: சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. எரிந்துபோன ஃபியூஸுக்குப் பதில் சிகரெட் தாளும் கம்பியும் வைத்துத் தர முன்வருவார்கள். தீப்பிடிக்கிற வேலை, வேண்டாம்.

டயர் மாற்றுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான், தவறுகிற இடங்களை மட்டும் சொல்கிறேன். ஜாக்கி ஏற்றும் முன்பே நட்டைத் தளர்த்த வேண்டும். ஹேண்ட் பிரேக், முதல் கியர், குறுக்கு மூலைச் சக்கரத்துக்குக் கல். திருமங்கலம், கள்ளிக்குடி, அருப்புக்கோட்டைப் பக்கக் கரிசலில் ஜாக்கி புதைந்து சாயும், அடியில் பலகையோ தட்டைக் கல்லோ போடுங்கள். லாரிக்காரரின் ஜாக்கி நம் காருக்கு அடியில் நுழையாது, அவர் ஸ்பேனரும் சேராது. காருக்கு 17, 19, 21 என்று வண்டிக்கு ஒன்று. நட்டு அசையவில்லை என்றால் பக்கத்துப் பம்புசெட் ரூமில் இரண்டடி ஜிஐ பைப் கேளுங்கள். ஸ்பேனர் பிடியில் அதைச் செருகி அழுத்தினால் இளகிவிடும். வண்டி தூக்கி நிற்கும்போது அடியில் கை விட யாரையும் விடாதீர்கள். லாரி டயர் கடையில் காற்றுப் பிடித்தால் "முப்பத்திரண்டு போதும்ணே" என்று உங்கள் வண்டிக்கு உரிய அளவைச் சொல்லி, பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். அவர் நாள் முழுக்க நூறுக்கு மேல் பிடித்துப் பழகியவர்.

இழுத்துப் போகிற வேலை மிகவும் ஆபத்தானது. நான்கு வழிச் சாலையில் கயிறு கட்டி இழுக்கவே கூடாது, கிரேனுக்குக் காத்திருக்கலாம். கிராமத்து ரோட்டில் டிராக்டர்க்காரர் முன்வந்தால், டிக்கியில் ஸ்டெப்னி பக்கத்தில் கிடக்கும் டோ ஹூக்கை எடுத்து, முன் பம்பரில் சின்ன மூடியை நெம்பி, முழுசாகத் திருகி மாட்டுங்கள். சில ஐரோப்பிய வண்டிகளில் அது இடப்பக்கமாகத் திருகும். பம்பரிலோ ஆக்சிலிலோ ஸ்டியரிங் ராடிலோ கட்ட விடாதீர்கள். கயிறு நான்கைந்து மீட்டர், நடுவில் சிவப்புத் துணி. தார்ப்பாய்க் கயிறு அறுந்துவிடும், அறுந்த கயிறு சுண்டி வந்து அடிக்கும், பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. டிராக்டர் முதல் கியரில், கயிறு விறைத்தபின் மெதுவாக எடுக்கட்டும். காரில் சாவி ஆனில், கியர் நியூட்ரலில். எஞ்சின் ஓடாததால் இரண்டு மூன்று மிதிக்குமேல் பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் கனக்கும். 20, 25-க்கு மேல் வேண்டாம் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். ஹாரன் அடித்தால் நிறுத்துவது என்ற சைகையும் பேசியாக வேண்டும். ஆட்டோமேட்டிக்கும் எலக்ட்ரிக்கும் மேலே ஏற்றிக்கொண்டு போகிற வண்டியில்தான்.

மழைக்காலத்தில் கருடர் பாலம் மாதிரி சுரங்கப்பாதைத் தண்ணீரில் அணைந்துவிட்டால் மறுபடி செல்ஃப் அடிக்கவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். தள்ளி மேட்டில் ஏற்றுவதோடு உதவியை முடித்துக்கொள்ளுங்கள். டீசல் தீர்ந்து நின்ற வண்டிக்கு ஐந்து லிட்டராவது ஊற்றி, டீசல் லைனில் கைப்பம்பு இருந்தால் அது இறுகும்வரை அமுக்கிக் காற்றை எடுத்த பின்புதான் செல்ஃப்.

ராத்திரியில் உதவ நினைக்கிறவருக்கும் பயம் உண்டு. கேபின் விளக்கைப் போட்டு வையுங்கள், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் நிறுத்துவார்கள். ரோட்டுக்குள் வந்து கையை ஆட்டினால் விலகி ஓட்டத்தான் பார்ப்பார்கள். பெண்கள் தனியாக இருந்தால் 112-க்குச் சொல்லிவிட்டு, வெளிச்சமுள்ள கடை பக்கத்தில் காத்திருப்பது நல்லது. விபத்தாகவே இருந்தாலும் போலீஸ் கேஸ் என்று யாரும் ஒதுங்க வேண்டியதில்லை. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுகிறவரைப் பாதுகாக்கிறது. பெயர் சொல்லும்படிகூட அவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

காசு விஷயம். மெக்கானிக், பஞ்சர் கடைக்காரர், கிரேன்காரர் தொழிலாகச் செய்கிறார்கள், வருவதற்கு எவ்வளவு என்று போனிலேயே பேசிவிட வேண்டும், வந்தபின் பேரம் பேசக் கூடாது. டிராக்டருக்கு டீசல் காசு கொடுத்தாக வேண்டும், அவர் வேண்டாம் என்றாலும். தள்ளிவிட்டவர்களிடம் நூறு ரூபாயை நீட்டினால் பலருக்கு முகம் சுருங்கும். எல்லோருக்கும் டீ வடை சொல்லுங்கள், அதை மறுக்க மாட்டார்கள். வயலில் வேலையை விட்டுவிட்டு வந்தவர் என்றால் அரை மணிக்குள் அவரை விட்டுவிடுங்கள், அன்றைக்கு முறைத்தண்ணி அவருடையதாக இருக்கும்.

கிளம்பியபின் செய்ய வேண்டியவை பாக்கி இருக்கும். மாற்றிய சக்கரத்தின் நட்டை 50 கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை இறுக்க வேண்டும். வெறும் தண்ணீர் ஊற்றியிருந்தால் அந்த வாரத்துக்குள் வடித்துவிட்டு கூலன்ட் ஊற்ற வேண்டும். ஜம்ப் பண்ணிய பேட்டரியை வோல்ட் பார்க்கச் சொல்லுங்கள், இரவு முழுக்க நின்றபின் 12.4-க்குக் கீழே காட்டினால் சார்ஜ் போட்டு, மறுபடி இறங்கினால் மாற்றிவிட வேண்டியதுதான். ஜிஐ பைப், கேன், ஸ்பேனர் என்று இரவல் வாங்கியது எதுவும் டிக்கியில் தங்கியிருக்கிறதா என்று, டிக்கியை மூடும் முன் ஒருமுறை பாருங்கள்.